நலமானவர், எண் ஆறு

பீளமேட்டில் மணி இரவு ஒன்பதே கால்.
மையவிலக்கி சுற்றுகிறது.
உள்ளே ஆறு குழாய்,
ஆறு பேருடைய காலைச் சிறுநீர்.
கரண்ட் போகாமலிருந்தால்
பத்தரைக்கு இறக்கிவிடலாம்.
இது சுற்றிப் பிழைத்த ஊர்:
மில்லில் கதிர், கிணற்றில் மோட்டார்,
அடுக்களையில் கிரைண்டர்.
இப்போது இது.

செல் ஒன்று தன்னிலிருந்து கிள்ளி
வெளியே விடுகிற பை.
ஒரு மயிரிழையின் குறுக்கே
ஆயிரம் பை வரிசையாக நிற்கும்.
கொழுப்பால் இரட்டைச் சுவர்.
உள்ளே புரதங்கள்,
கிழிந்த கட்டளைத் துண்டுகள்,
இருபத்திரண்டே எழுத்தில் ஒரு குட்டி ஆர்என்ஏ;
'அந்த வேலையை நிறுத்து' என்று மட்டும்
சொல்லத் தெரிந்தது.

முதலில் இதைக் குப்பை என்றார்களாம்,
செம்மறியின் ரத்தத்தில்
இளஞ்சிவப்பணு வளர்ந்து தேறும்போது
வேண்டாததை மூட்டைகட்டி வீசுவதைப் பார்த்து.
கன்னிவாடிச் சந்தையில்
கயிற்றுக்குக் கழுத்தைக் கொடுத்து நிற்கும்
எந்த ஆட்டுக்கும் இது தெரியாது.

குப்பை இல்லை. ஒறம்பரை.
எங்கள் பக்கம் ஒறம்பரை போகிறவர்
வெறுங்கையோடு போகமாட்டார்.
வாசலிலேயே பையை நீட்டுவார்.
முறுக்கோ, முருங்கைக்காயோ,
பங்காளி வீட்டுச் சண்டையோ,
வாங்கிப் பிரித்த பிறகுதான் தெரியும்.
பக்கத்துச் செல்லும் அப்படித்தான் வாங்குகிறது.
வாங்கின பிறகு
அது பழைய செல் இல்லை.

பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்.
ஆனாலும் எண் மூன்று துளசிமணி.
திருப்பூர்ச் சாயப்பட்டறையில்
நனைந்த பனியன் துணியைப்
பதினோரு வருஷமாக இழுத்தவர்.
டப்பாவை நீட்டிக்கொண்டே சிரித்தார்:
"இதையுங்கூட வாங்கறதுக்கு ஆளிருக்குதுங்களா, அம்மிணி?"
நகக்கண்ணில் பச்சை.
"நேத்து பாட்டில் கிரீனுங்க."

சிறுநீரகத்தின் செல்கள் நொந்தால்
அனுப்பும் பையில்
சில சரக்கு கூடும், சில குறையும்.
கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல்,
போகிற பையைப் பிரித்தே
வீட்டு நிலவரம் சொல்லிவிடலாம்;
எங்கள் திட்ட அறிக்கையின் முதல் வரி
ஏறக்குறைய இதுதான்.

ஒப்பிட ஒரு நலமானவர் வேண்டும்.
வருகிறேன் என்ற மாணவன் காய்ச்சல் என்றான்.
நானே ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.
எண் ஆறு. பெண். முப்பத்து நான்கு.
நோய் இல்லை. மருந்து இல்லை.
வளர்ந்த இடத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
நொய்யலுக்கு வடகரை, கிணற்றுத் தண்ணீர்,
விடியலில் இறைத்தால் ஒரு நிறம்
பொழுதோட இறைத்தால் வேறு நிறம்.

முதல் முடிவு போன வாரம் வந்தது.
கூடியவை சிவப்பு, குறைந்தவை நீலம்.
மூன்றாம் பத்தியும் ஆறாம் பத்தியும்
ஒரே கடையில் தைத்த இரண்டு பை.

ஒற்றை மாதிரியை வைத்து
எதுவும் சொல்லக்கூடாது.
வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்,
சாக்பீஸ் உடையும் அளவுக்கு அழுத்தி.
கருவி தடுமாறியிருக்கலாம்.
அன்று நான் தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம்.
வேறு நலமானவரைத் தேடலாம்.
தேடுகிறேன். அவிநாசியில், பல்லடம் ரோட்டில்,
காங்கேயத்தில் தோழி வீட்டு விருந்தில்
இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன்:
"நீங்க எந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தீங்க?"
பாயசம் பரிமாறியவர் கை நின்றது.

மையவிலக்கி ஓய்கிறது.
ஆறாம் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால்
ஒன்றுமில்லை.
ஒன்றும் தெரியாது என்று தெரிந்துதான்
சுழலவிடும் முன்பே வெளிப்பக்கம்
மார்க்கரில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்,
படிந்தால் இங்கேதான் படியும் என்று.

அந்தப் புள்ளியை நம்பி
மேல் தண்ணீரைக் கொட்டுகிறேன்.